வேலாங்குப்பத்துக்கு அஞ்சு

‘உங்கள் கிராமத்திலிருந்து அருகிலுள்ள நகரம் எவ்வளவு தூரம்?’

இது ஏழாவது கேள்வி. வேலாங்குப்பத்தில் இதை யாரிடம் கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ரோட்டைப் பார்த்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் குப்பமும் கடலும். அந்தப் பக்கம் சாந்தோம், அதைத் தாண்டினால் மயிலாப்பூர். சிக்னல் விழுந்தால் நகரம் ஒரு நிமிஷம், விழாவிட்டால் ஐந்து நிமிஷம். ஆனால் என் கையிலிருந்த டேப்லெட்டுக்குக் கிலோமீட்டரில்தான் பதில் வேண்டும், பூஜ்யம் போட்டால் ஏற்றுக்கொள்ளாது. முதல் நாள் அதோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, ஒன்று என்று போட்டேன். அதற்கப்புறம் இருநூற்றுச் சொச்சம் வீட்டுக்கும் ஒன்றுதான்.

ஆய்வின் தலைப்பு, கிராமவாசிகளுக்குத் தங்கள் ஊர்மேல் திருப்தி வருவது எதனால் என்பது. நடத்தியவர் பரத்வாஜ். ஓய்வுபெற்ற பேராசிரியர், அபிராமபுரத்தில் அவர் வீட்டு மாடிதான் ஆபீஸ். கடற்கரையோரமாக நாற்பது ஊர்களை எடுத்திருந்தார். ஏதோ ஒரு பழைய பட்டியலில் வேலாங்குப்பமும் ‘மீனவ கிராமம்’ என்று இருந்தது. அது பட்டினப்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம் சார், கிராமம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

“பட்டியல்ல கிராமம்னு போட்டிருக்கே, ஆனந்த். அவாளும் பஞ்சாயத்து, ஊர்க்கூட்டம்னு வச்சிண்டுதானே இருக்கா. பட்டணம் வந்து சுத்திண்டதுக்கு அவா என்ன பண்ணுவா?” என்றார். அதுவும் சரிதான்.

என் பெயர் ஆனந்தகுமார். தி.நகரில் என் அப்பாவுக்குப் பாத்திரக்கடை இருக்கிறது. நான் கல்லாவில் உட்கார்ந்தால் குக்கர் வாங்க வந்தவர் கரண்டிகூட வாங்காமல் போய்விடுகிறார் என்று தம்பி கண்டுபிடித்தான். எனக்கு முன்கோபம். அதனால் ஐம்பது வயதுக்குமேல் வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்கிற உத்தியோகம் வாய்த்தது.

இந்த ஆய்வுக்குப் பின்னால் ஒரு சமாசாரம் இருந்தது. ஒரு அறக்கட்டளை, தண்ணீர் விஷயத்தில் திருப்தி மிகக் குறைவாக இருக்கும் பத்து ஊர்களுக்குப் புதுக் குழாய் போட்டுத் தருவதாக பரத்வாஜிடம் ஒத்துக்கொண்டிருந்தது. இதை ஊர்க்காரர்களிடம் மூச்சுவிடக் கூடாது. “சொன்னா அத்தனை பேரும் அழுதுண்டு நிப்பா. அப்பறம் எது நிஜம்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றார். அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

படிக்கத் தெரியாதவர்களும் பதில் சொல்லத் தோதாக டேப்லெட்டில் ஐந்து மூஞ்சிகள் இருக்கும். முதல் மூஞ்சி கண்ணீர் விடும். மூன்றாவது சும்மா இருக்கும். ஐந்தாவது பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். தண்ணீர், சாக்கடை, மருத்துவம், அக்கம்பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். எந்த மூஞ்சி மனசுக்குச் சரியென்று படுகிறதோ அதைத் தொட வேண்டும்.

வைகாசி மாதம். கத்திரி முடிந்தும் வெயில் போகிற வழியாக இல்லை. மணலில் செருப்புப் போட்டு நடந்தாலே உள்ளங்கால் பொரிந்தது. காலை ஏழு மணிக்குப் போனால் படகுகள் கரையேறிக்கொண்டிருக்கும், பத்து மணிக்குப் பெண்கள் ரோட்டோரம் பலகை போட்டு மீனைப் பரப்பிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் வாசலில் உட்காரவைத்துக் கேட்பேன். முதல் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஐந்தாவது மூஞ்சி. இரண்டாவது வீட்டிலும் அதே. மூன்றாவது வீட்டில் ஒரு கிழவருக்குக் கண் தெரியாது. கேள்வி முடிவதற்குள் “கட்சீ மூஞ்சி, கட்சீ மூஞ்சி” என்று சொல்லிக்கொண்டே போனார்.

சாக்கடைக்கு ஐந்து போட்ட வீட்டுவாசலில் சாக்கடை என் செருப்பை நனைத்தது. தண்ணீருக்கு ஐந்து போட்ட பெண்மணியின் குடத்தை எட்டிப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர் அதைவிடத் தெளிவாக இருக்கும். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மண்ணுக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, இரண்டுக்கும் வயசாகி ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இவர்கள் ஏன் இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் ரோட்டோரக் கடையிலிருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். அவள்தான் தேசம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும், முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருந்தது.

“இன்னா சார், டப்பாவ தூக்கிக்கினு மூணு நாளா சுத்திக்கினு கீற. மீனு வேணுமா, கேள்விதான் வேணுமா?”

சங்கரா வாங்கினேன். அருவாமனையில் செதில் சீவி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி எடுக்க அவளுக்கு ஒரு மீனுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கை அதன்பாட்டுக்கு வேலை செய்ய, வாய் அதன்பாட்டுக்குப் பேசியது. அரைமணி நேரத்தில் அவள் வீட்டுக் கதை முழுக்க எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே மகள் சங்கவி. கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கட்டிக் கொடுத்து ஒரு வருஷமாகிறது. இப்போது இரண்டு மாதம். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அதில்தான் சிக்கல். பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை இந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துவிட்டான்.

“தண்ணிய செரி பண்ணுங்க, பொண்ண அனுப்புறோம். இல்லாங்காட்டி இங்கயே ஆவட்டும்னு சம்மந்தி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க சார். கேன் தண்ணி வாங்கிக்கிறேன்னு சொன்னேன். குட்ச்சா செரி, கொயந்தய கேன்லயா குளிப்பாட்டுவ, துணிய கேன்லயா அலசுவன்னு கேக்குறாங்க. இன்னா சொல்றது? தலப்பிரசவம். அம்மா வூட்ல ஆவாம வேற எங்க ஆவும்?”

அவள் குரல் உடையவில்லை, கோபம்தான் இருந்தது. வெட்டிய மீனைக் கழுவ வாளியில் கைவிட்டவள், அந்தத் தண்ணீரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கடல் தண்ணீர் வைத்திருந்த வேறு வாளியை இழுத்துக் கழுவினாள்.

அப்படியானால் இதை டேப்லெட்டில் சொல்ல வேண்டியதுதானே, ஏன் ஊரே ஐந்து போடுகிறது என்று கேட்டேன். அவள் பக்கத்துக் கடைகளைப் பார்த்துவிட்டு, அதைத் தலைவரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னாள்.

தலைவர் கஜபதி அறுபது வயதுக்காரர். கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் நாலு பேரோடு உட்கார்ந்து வலையில் ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மறைக்கவில்லை. ஆமாம், ஊர்க்கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்தோம், எல்லாரும் எல்லாவற்றுக்கும் அஞ்சு, மீறினால் ஊருக்குத் தப்புப் பணம் கட்ட வேண்டும் என்றார்.

“முன்னயும் ஒர்த்தரு வந்தாரு. உன்ன மாறியே நல்ல மன்சன். மோர் குட்ச்சாரு. இன்னா கொற கீது சொல்லுங்க, எய்தி அனுப்புறேன்னாரு. மய வந்தா வூட்டுக்குள்ள தண்ணி, கக்கூசு கெடயாது, பாம்பு வருதுன்னு அல்லாத்தயும் சொன்னோம். நாலே மாசம். இங்க மன்சன் குடியிருக்க முடியாதுன்னு சொல்லி எம்பது குடும்பத்த லாரில ஏத்திட்டாங்க. யார்யாரு கொற சொன்னாங்களோ அவங்க பேருதான் லிஸ்ட்ல முன்னால.”

அந்த எண்பதில் தேசம்மாவின் அக்கா குடும்பமும் ஒன்று. ஊருக்கு வெளியே சதுப்பில் கட்டிய அடுக்குமாடியில் எட்டாவது மாடி. மீன் விற்க விடியற்காலை முதல் பஸ் பிடித்து இங்கேதான் வருகிறாள். கடலில் போகிறவனை எட்டாவது மாடியில் வைத்தால் அவன் என்ன செய்வான்? அக்கா புருஷன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் காவலுக்கு நிற்கிறார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது. இது தெரியாமல் மூன்று நாளாக இவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

“தலைவரே, இது வீட்டைக் காலி பண்ற கணக்கு இல்ல. தண்ணிக்குக் கொறச்சலா போடுற பத்து ஊருக்குப் புதுக் கொழாய் வருது. நீங்க அஞ்சு போட்டா உங்களுக்கு வராது.”

ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. கஜபதி என்னை நிதானமாகப் பார்த்தார்.

“எய்திக் குடுப்பியா?”

பாக்கெட்டில் பேனா இருந்தது. எழுதிக் கொடுத்தால் என் வேலை போகும். அது போகட்டும் என்றாலும், அந்தக் காகிதம் வெளியே தெரிந்தால் நாற்பது ஊர் ஆய்வும் செல்லாமல் போய்விடும், எந்த ஊருக்கும் குழாய் வராது. இப்படியெல்லாம் நியாயம் யோசித்தேன். உண்மையில் எனக்குப் பயம். எழுதித் தர முடியாது, என் வார்த்தையை நம்புங்கள் என்றேன்.

“அவரும் அப்டித்தான் சொன்னாரு சார்,” என்றுவிட்டுக் கஜபதி மறுபடி வலையைக் கையில் எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் தேசம்மா வீட்டு முறை. நான் தலைவரிடம் சொன்னது அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. அவள் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். புருஷன் ஜவஹர் உள்ளே சுவரில் சாய்ந்தபடி யாருடைய வலையையோ பிரித்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் முன்பு அலை தாண்டும்போது படகு கவிழ்ந்து முதுகில் விழுந்ததிலிருந்து அவர் கடலுக்குப் போவதில்லை. அந்தச் சந்தில் பதினொரு வீடு, தலைமாட்டில் ஒரு அடிபம்பும் ஒரு குழாயும். பதினொரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. கஜபதி வந்து எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

விவசாய நிலம் எவ்வளவு என்று கேட்டேன். ஜவஹர் ஊசியால் கடல் பக்கம் காட்டினார். இல்லை என்று குறித்தேன். ஆடுமாடு இல்லை. நகரத்துக்கு ஒரு கிலோமீட்டர். பத்தொன்பதாவது கேள்வி தண்ணீர்.

தேசம்மா எழுந்து உள்ளே போனாள். குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு வந்து டேப்லெட் பக்கத்தில் வைத்தாள். அடியில் மசமசவென்று ஏதோ படிந்தது.

“இத்த குடி சார். குட்ச்சிட்டு நீயே ஒரு மூஞ்சியத் தொடு.”

நான் குடிக்கவில்லை. தம்ளரைத் தொடக்கூட இல்லை. அவள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தன் விரலை நீட்டினாள். விரல் கண்ணீர் விடுகிற முதல் மூஞ்சிக்கு மேலே போய் நின்றது.

யாரும் அதட்டவில்லை. கஜபதி மெதுவாக, “உன் இஸ்டம் தேசம்மா” என்றார். அவ்வளவுதான். ஜவஹர் வலையிலிருந்து நிமிரவேயில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது, அவளே ஒருநாள் சொன்னாள். ஜவஹர் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒன்றரை வருஷமும் தினம் காலையில் வாசலில் ஒரு தட்டு மீன் இருக்கும். படகு கரையேறியதும் ஏலத்துக்கு முன்னால் எடுத்துவைக்கிற ஊர்ப்பங்கு. ஆள் கடலுக்குப் போக முடியாத வீடுகளுக்கு. அதை விற்றுத்தான் சாப்பிட்டார்கள், அதை விற்றுத்தான் சங்கவி படித்தாள். யார் வைத்தார்கள் என்று இன்றைக்குவரை தெரியாதாம். கதவைத் திறந்தால் தட்டு இருக்கும், நன்றி சொல்ல ஆள் இருக்காது. அந்த ஊருக்கு எதிராக, முந்தாநாள் வந்த ஒருவன் பேச்சை நம்பி, எழுதிக்கூடத் தராதவன் பேச்சை நம்பி விரலை வைக்க வேண்டும்.

விரல் இரண்டாவது மூஞ்சிக்கு நகர்ந்தது. பிறகு ஒரே இழுப்பாக ஐந்தாவதுக்குப் போய்த் தொட்டது.

‘உறுதி செய்யவா?’ என்று டேப்லெட் கேட்டது. அந்தப் பொத்தான் கேள்வி கேட்கிறவன் அழுத்த வேண்டியது. பதில் சொல்கிறவர் தயங்கினாலோ வற்புறுத்தலுக்கு ஆளானாலோ ‘இல்லை’யை அழுத்தி, காரணம் எழுதலாம். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பதினொரு வாசலும் என்னைப் பார்த்தன. நான் ‘ஆம்’ என்று அழுத்தினேன்.

கடைசிக் கேள்வி நாற்பத்தெட்டு. வாய்ப்புக் கிடைத்தால் இந்த ஊரை விட்டுக் குடிபெயர்வீர்களா?

“மாட்டேன்,” என்றாள். இதற்கு அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “உன் டப்பால மெய்யாலுமே சொன்னது இது ஒண்ணுதான் சார். தண்ணி கேட்டா ஊர உட்டுப் போன்றீங்க. ஊரு வேணும்னா தண்ணி கேக்காதன்றீங்க. எனக்கு ஊரும் வேணும், தண்ணியும் வேணும். அப்டி எய்த அதுல எடம் கீதா?”

இல்லை. நாற்பத்தெட்டுக் கேள்விகளில் அப்படி ஒரு கட்டம் எங்கேயும் இல்லை.

ஆவணியில் முடிவு வந்தது. நாற்பது ஊரில் வேலாங்குப்பம் முதலிடம். ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்பது. அபிராமபுரத்து மாடியில் பரத்வாஜ் சந்தோஷத்தில் இருப்புக்கொள்ளாமல் நடந்தார். கீழே குனிந்து, “ஜானு, ஆனந்துக்கும் சேத்துக் காபி கலந்துடு” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். கட்டுரையின் முதல் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினார். கிராமவாசிகளின் திருப்திக்கு முக்கியக் காரணம் நகரத்துக்கு அருகில் இருப்பது. மிகத் திருப்தியான ஊர் நகரத்திலிருந்து சரியாக ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது.

என் ஒன்று. பூஜ்யத்தை ஏற்றுக்கொள்ளாத கட்டத்தில் வெயிலுக்குப் பயந்து நான் தட்டிய ஒன்று.

காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊர்க்கூட்டம், எண்பது குடும்பம், தம்ளர், விரல். அவர் கெட்டவர் இல்லை. உட்கார்ந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அன்னிக்கே ‘இல்லை’ன்னு அழுத்தியிருக்கணும் நீ. இப்போ எல்லாம் அனுப்பியாச்சே. பத்து ஊர் பேரும் முடிவாயிடுத்து. நான் இப்போ போய் என் ஆய்வே தப்புன்னு சொன்னா அந்தப் பத்து ஊர் குழாயும்னா நின்னு போயிடும்.”

நான் படகு நிழலில் யோசித்த அதே நியாயம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சுற்றில், ரெண்டு வருஷத்தில், கட்டாயம் பார்க்கலாம் என்றார். அதற்குள் அறக்கட்டளைக்காரர்கள் ‘மகிழ்ச்சியான கிராமம்’ என்று ஒரு கேடயம் செய்துவிட்டார்கள். சமுதாயக் கூடத்தில் ஷாமியானா போட்டு விழா நடந்தது. கஜபதி சால்வையைப் போர்த்திக்கொண்டு கேடயத்தை வாங்கினார். வந்தவர்களுக்குக் கொடுத்தது பாட்டில் தண்ணீர். தேசம்மா வரவில்லை, கடையை விட்டு எழுந்திருக்கவேயில்லை.

குழாய் கிடைத்த பத்து ஊர்களில் கோவளத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தக் குப்பமும் ஒன்று. சங்கவி வாழ்க்கைப்பட்ட ஊர். அவர்களை யாரும் எப்போதும் லாரியில் ஏற்றியதில்லை. அதனால் வாயைத் திறந்து, தண்ணீருக்கு முதல் மூஞ்சியைத் தொட்டிருந்தார்கள். ஐப்பசியில் பள்ளம் தோண்டிக் குழாய் இறக்கி, வாசலுக்கு வாசல் தண்ணீர் கொட்டியது.

அது எனக்குத் தெரிந்ததும் ரோட்டோரக் கடைக்குப் போனேன். மழை அடித்து ஓய்ந்திருந்தது. பிளாஸ்டிக் ஷீட்டின் கீழே தேசம்மா காரப்பொடி மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே சொன்னாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கப் போனார்களாம். புடவை, பூ, ஏழு வகைச் சோறு, எல்லாம் கொண்டுபோய், கூட்டி வர வேனும் பேசிக்கொண்டு. சம்பந்தி அம்மா வேறொன்றும் சொல்லவில்லையாம். வாசல் குழாயைத் திறந்துவிட்டுப் பேசாமல் நின்றாளாம்.

“பளிங்கு மாறி கொட்டுது சார். நான் இன்னா பேசுறது? எங்க ஊரு தண்ணியும் நல்லாத்தான் கீதுன்னு சொன்னேன். கேடயம் குத்துகீறாங்கன்னுகூட சொன்னேன். சங்கவி தலயக் குனிஞ்சிக்கிச்சி. வேனு காலியா வந்திச்சி.”

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். அவள் இரண்டையும் செய்யாமல் காரப்பொடியைக் கூறு கட்டினாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மன்னித்துவிடும்மா என்றேன். அவள் மீன் வேணுமா என்று கேட்டாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

தை பிறந்து பத்து நாளில் பட்டினப்பாக்கம் பஸ் நிலையத்தில் அவளை மறுபடி பார்த்தேன். உச்சிவெயில். பஸ்ஸிலிருந்து முதலில் ஒரு தூக்குச்சட்டி இறங்கியது, பிறகு ஒரு பத்து லிட்டர் கேன், அதற்கப்புறம் தேசம்மா. பேத்தி பிறந்து ஒரு வாரமாம். பால்சுறாப் புட்டு செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பால் ஊற அதைவிட ஒன்று கிடையாது, பெற்றவள் கையால் கொடுக்க வேண்டும். பிள்ளை யார் ஜாடை, எத்தனை எடை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கேனை வாங்கித் தூக்கிக்கொண்டேன், நல்ல கனம். என்ன இது என்று கேட்டேன்.

“தண்ணிதான். சம்மந்தி வூட்டுக் கொயாயில புட்ச்சேன். எதுக்குன்னு கேட்டாங்க. ருசியா கீது, வூட்டுக்காரருக்கு ஒரு வாய் குடுக்கலாம்னு சொன்னேன்.”

மகளுக்குச் சீர் கொண்டுபோனவள் சம்பந்தி வீட்டுத் தண்ணீரைச் சுமந்துகொண்டு திரும்புகிறாள். கேனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கூடவே நடந்தேன்.

சந்தில் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. வீட்டுக்குள் போனதும் அவள் முதலில் ஜவஹருக்கு ஒரு தம்ளர் ஊற்றினாள். அவர் குடித்துவிட்டுத் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பேத்தியைப் பார்த்த கதை கேட்க அக்கம்பக்கம் கூடிவிட்டது. தேசம்மா பிள்ளைக் கதையைச் சொல்லிக்கொண்டே தம்ளர் தம்ளராக ஊற்றி நீட்டினாள். வாசலுக்கு ஒன்று. என்ன தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது. பேச்சு மெல்லக் குறைந்து, குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பேத்தி பிறந்த விவரம் கேட்டுக் கஜபதியும் வந்தார். அவருக்கும் ஒரு தம்ளர். நின்றவாக்கிலேயே அண்ணாந்து குடித்தார். நாக்கைச் சுழற்றிக்கொண்டார். மறுபடி தம்ளரை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து தேசம்மா.”

“இல்ல மாமா. ஆளுக்கு ஒரு பங்குதான். அஞ்சு போட்டவங்க அத்தினி பேருக்கும் வரணும்.”

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. மீன் பங்கு பிரிக்கிற கணக்காகத்தான் சொன்னாள். கஜபதி தம்ளரைத் திண்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

கேனில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் அதே பழைய தம்ளரை எடுத்து ஊற்றி என் முன்னால் வைத்தாள். நான் இந்த ஊர்க்காரன் இல்லையே, எனக்கு எதற்கு என்றேன்.

“நீயுந்தானே சார் ஆமான்னு அமுக்குன,” என்றாள். “குடி.”

குடித்தேன்.